கேனுக்கு அளவு உண்டு... குழாய்க்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய தெருக்களில், ஒரே வீட்டுக்குள் எத்தனை வகைத் தண்ணீர் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வாசல் பக்கம் நீல நிற டிரம்மில் குழாய்த் தண்ணீர். பின்பக்கம் துணி துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர். சமையலறை மூலையில் குடிக்கவும் சோறு வடிக்கவும் 20 லிட்டர் கேன். கோடையில் நாலு வீடு சேர்ந்து இறக்கிக்கொள்ளும் லாரித் தண்ணீர். மழை பெய்தால் அண்டாவில் பிடித்து வைத்தது தனி.

இந்த ஐந்தில் அளந்து, விலை சொல்லி, காசு வாங்கிக்கொண்டு வருவது கேனும் லாரியும் மட்டும்தான். அவை இரண்டையும் யாரும் எதிர்த்துப் போராடியதில்லை. கேன் போடும் தம்பி ஒரு நாள் வராவிட்டால் வீடே தவித்துப் போகிறது.

ஒரு கேன் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,000 லிட்டருக்கு 1,750 ரூபாய் ஆகிறது. இரண்டு நாளுக்கு ஒரு கேன் வாங்கும் குடும்பம் மாதம் 300 லிட்டர் தண்ணீருக்கு 525 ரூபாய் கொடுக்கிறது. எந்த ஊராட்சியும் எந்த மாநகராட்சியும் வீட்டுக் குழாய்க்கு இப்படி ஒரு விலையைக் கனவில்கூட வைக்க முடியாது. ஆனால் குழாயில் மீட்டர் என்று சொன்னால் மட்டும் முகம் சுருங்குகிறது. ‘இலவசமாகக் கிடைத்துப் பழகிவிட்ட ஜனங்கள்’ என்று இதற்கு ஒரு சுலபமான விளக்கம் சொல்லப்படுவதுண்டு. மாதம் 525 ரூபாய் கொடுக்கிறவர்களைப் பார்த்துச் சொல்லக்கூடிய விளக்கம் இல்லை இது.

ஸ்மார்ட் வாட்டர் மீட்டர் என்பது என்ன? வீட்டுக்குள் நுழையும் குழாயில் பொருத்தும் ஒரு சின்னக் கருவி. எவ்வளவு தண்ணீர் போனது என்று அளந்து, அந்தக் கணக்கை ரேடியோ அலை மூலம் தானாக அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். ரீடிங் எடுக்க ஆள் வரவேண்டாம். வீட்டுக்காரரும் தன் போனில் நேற்று எத்தனை லிட்டர், இன்று எத்தனை என்று பார்த்துக்கொள்ளலாம். நள்ளிரவில், எல்லோரும் தூங்கும் நேரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் ‘எங்கோ கசிகிறது’ என்று எச்சரிக்கை வரும்.

சென்னையில் இன்றும் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. எவ்வளவு செலவழித்தாலும் மாதக் கட்டணம் ஒன்றுதான். வணிக நிறுவனங்களையும் பெரிய அடுக்குமாடிகளையும் அளப்பதில்தான் குடிநீர் வாரியம் முதலில் இறங்கியிருக்கிறது. மின்சாரத்தில் தி.நகர் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களை வைத்துப் பார்த்துவிட்டார்கள். எனவே திருவள்ளூர் மாவட்டத்து வீடுகளை இந்தக் கேள்வி இன்று தொடாவிட்டாலும் நாளை தொடும்.

தொட்டால் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. மருமகள் போனைப் பார்த்தபடி, “அத்தை, தண்ணிக்கும் ஸ்மார்ட் மீட்டர் வரப்போவுதாம். எவ்ளோ ஓடுச்சுன்னு போன்லயே பாத்துக்கலாமாம்” என்பாள். “மொதல்ல தண்ணி வரட்டும்மா. வராத தண்ணிக்கு மீட்டரு இன்னாத்துக்கு?” என்று மாமியாரிடமிருந்து பதில் வரும்.

படிக்காதவர் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மீட்டர் தொழில்நுட்பத்தின் மிகப் பெரிய சிக்கலே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

காற்றுக்கும் பில்

இங்கே குழாயில் தண்ணீர் 24 மணி நேரமும் இருப்பதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில தெருக்களில் அதற்கும் மேல் இடைவெளி. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி உள்ளே காற்று நிரம்புகிறது. மறுபடி வால்வைத் திறக்கும்போது, வரும் தண்ணீர் முதலில் அந்தக் காற்றைத்தான் தள்ளிக்கொண்டு வரும். குழாயைத் திறந்து வைத்தால் ‘புஸ்ஸ்’ என்று சத்தம் வந்து, பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வருமே, அதுதான்.

பழைய வகை மீட்டருக்குள் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. தண்ணீர் தள்ளினாலும் அது சுற்றும், காற்று தள்ளினாலும் சுற்றும். காற்று தள்ளும்போது இன்னும் வேகமாகவே சுற்றும். குடத்தில் ஒரு சொட்டு விழும் முன்பே மீட்டரில் எண் ஏறிவிடும். காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம் என்ற புகார் விட்டு விட்டுத் தண்ணீர் வரும் எல்லா ஊர்களிலும் எழுகிறது. அது கற்பனைப் புகார் இல்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. மீட்டருக்கு முன்னால் காற்றை வெளியேற்றும் வால்வு வைக்கலாம். சக்கரமே இல்லாத அல்ட்ராசோனிக் மீட்டர் வைக்கலாம். அது தண்ணீர் ஓடும் திசையிலும் எதிர்த் திசையிலும் ஒலி அலையை அனுப்பி, போய்ச் சேரும் நேரத்தில் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடும். குழாய் காலி என்றால் காலி என்றே காட்டும். மண், துரு வந்தாலும் மாட்டிக்கொள்ள உள்ளே சக்கரம் இல்லை. விலை மட்டும் அதிகம். டெண்டரில் எந்த வகையைக் கேட்டிருக்கிறார்கள் என்பது, மீட்டர் வந்த பிறகு தெருவில் சண்டை வருமா வராதா என்பதைத் தீர்மானித்துவிடும். விளம்பரத்தில் செயலியின் படம்தான் பெரிதாக இருக்கும். கேட்க வேண்டியது உள்ளே சக்கரம் இருக்கிறதா என்பதைத்தான்.

அந்த மாமியாரின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. தண்ணீர் வராத நாளில் மீட்டர் பூஜ்யம் காட்டும். ‘உங்கள் தெருவுக்குத் தினமும் விடுகிறோம்’ என்று சொல்கிறவர்களிடம், தேதியும் நேரமும் போட்டு ‘இதோ, இத்தனை நாள் பூஜ்யம்’ என்று காட்ட இதுவரை எந்தக் குடும்பத்தின் கையிலும் எதுவும் இருந்ததில்லை. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 11 கேன். அது வருகிறதா? வீட்டு மீட்டர் இருந்தால் சொல்லிவிடலாம். ஆனால் மீட்டரை விற்க வருகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர்கள் பேச்செல்லாம் சிக்கனம், சிக்கனம்தான். 55 லிட்டரில் வாழ்கிறவர் இன்னும் எதைச் சிக்கனம் செய்வார்?

மீட்டரை வரவேற்கக்கூடிய ஒரு கூட்டமும் தெருவிலேயே இருக்கிறது. தெருக்கோடி வீட்டுக்காரர்கள். முதல் பத்து வீட்டில் குழாயோடு நேராக மோட்டாரை இணைத்து உறிஞ்சிவிட்டால், கடைசி வீட்டுக்கு வருவது காற்று மட்டும்தான். சட்டப்படி அது தவறு. சாக்கடைத் தண்ணீரையும் விரிசல் வழியாக உள்ளே இழுத்துவிடும் ஆபத்து வேறு. ஆனால் யார் போய்ச் சொல்வது? பக்கத்து வீட்டு அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த நாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? ஒவ்வொரு வீட்டிலும் எந்த நேரத்தில் எவ்வளவு ஏறியது என்ற கணக்கு இருந்தால், யாரும் வாய் திறக்காமலே விஷயம் வெளியே வந்துவிடும். அதனாலேயே முதல் பத்து வீடுகள் மீட்டரை எதிர்க்கவும் செய்யும்.

ஆறு அறை, ஒரே இணைப்பு

கும்மிடிப்பூண்டிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இரும்பு உருக்கும் ஆலைகளிலும் மற்றத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்ய ஒடிசா, பீகார் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வரிசை வீடுகளில் தங்கியிருக்கிறார்கள். ஒரு காம்பவுண்டுக்குள் ஆறு அறை, அறைக்கு நாலு பேர், ஒரே தண்ணீர் இணைப்பு. வாடகையோடு தண்ணீருக்கு ஒரு தொகை சேர்த்து வாங்கப்படும். எவ்வளவு என்பது வீட்டுக்காரர் சொல்வதுதான்.

மீட்டர் வைத்து, அதிகம் செலவழித்தால் அதிக விலை என்ற படிக்கட்டுக் கட்டணம் வந்தால் இங்கே என்ன ஆகும்? 24 பேர் ஆளுக்கு 55 லிட்டர் வீதம் செலவழித்தால் மாதம் 39,600 லிட்டர். அடுத்த தெருவில் நாலு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 150 லிட்டர் செலவழித்தாலும் மாதம் 18,000 லிட்டர்தான். மீட்டர் கண்ணுக்கு வரிசை வீடு ஊதாரி, தனி வீடு சிக்கனக்காரர். உண்மை நேர் எதிர்.

தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் உள்ள ஃபிரி என்ற பகுதியில் இதுதான் நடந்தது. ஜோகன்னஸ்பர்க் நகர நிர்வாகம் அங்கே ப்ரீபெய்டு தண்ணீர் மீட்டர்களை வைத்தது. ஓர் இணைப்புக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். தீர்ந்தால் காசு போட்டு ரீசார்ஜ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நின்றுவிடும். ஒரே மனையில் பின்பக்கக் குடிசைகளோடு சேர்த்துப் பல குடும்பங்கள் வாழும் இடம் அது. மாதம் முடிவதற்குள் இலவசத் தண்ணீர் தீர்ந்தது. லிண்டிவே மசிபுகோ என்ற பெண்மணியும் அண்டை வீட்டாரும் வழக்குப் போட்டார்கள். 2008-ல் உயர் நீதிமன்றம், இந்த மீட்டர் சட்டவிரோதம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றது. 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, நகர நிர்வாகத்தின் பக்கம் நின்றது. வழக்கில் தோற்றாலும், ‘இணைப்புக்கு இத்தனை’ என்று அளப்பதா, ‘ஆளுக்கு இத்தனை’ என்று அளப்பதா என்ற கேள்வியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது அந்த வழக்குதான். கும்மிடிப்பூண்டி வரிசை வீடுகளில் யாரும் ஃபிரியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கணக்கும் அதே கணக்கு.

இதே மீட்டரை அறைக்கு ஒன்றாக வைத்தால், வாடகைக்கு இருப்பவருக்கு அதுவே பாதுகாப்பாகலாம். ‘நீங்க ரொம்பத் தண்ணி செலவழிக்கிறீங்க’ என்று வீட்டுக்கார அம்மா சொன்னால், போனை எடுத்துக் காட்டிவிடலாம். அறைக்கு அறை மீட்டர் வைக்கும் செலவை யார் ஏற்பார் என்பது வேறு கேள்வி. வீட்டுக்காரர் ஏற்றால் அது வாடகையில் ஏறும்.

மற்ற பயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வீட்டில் ஆள் இல்லாத நேரம் மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. மணிக்கணக்கில் பதிவாகும் தகவலை யார் பார்க்கலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். மீட்டரின் பேட்டரி பத்து வருஷம் வரும் என்பார்கள். பத்தாவது வருஷம் மாற்றுவது யார் செலவு என்று முதல் வருஷமே கேட்டுவைக்க வேண்டும். வயதானவர்களுக்குப் போனில் பார்க்கத் தெரியாது என்பது மட்டும் அவ்வளவு பெரிய தடையில்லை. மின்சார மீட்டரில் 500 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று மாதத்தின் நடுவிலேயே எண்ணைக் குறித்து, ஏ.சி.யை நிறுத்தச் சொல்லும் பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எண் தன் பக்கம் நின்றால் அதைப் படிக்க யாரும் சிரமப்படுவதில்லை.

மீட்டரைக் கேட்டு வாங்கியதும், பிடுங்கச் சொன்னதும்

டெல்லியில் 2015 மார்ச் முதல், மாதம் 20,000 லிட்டர் வரை செலவழிக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் இலவசம். ஆனால் வீட்டில் மீட்டர் இருக்க வேண்டும், அது ஓட வேண்டும். இந்த ஒரே நிபந்தனையில் மீட்டரின் முகமே மாறிவிட்டது. பில் போட வருகிற கருவி, பில் பூஜ்யம் என்று நிரூபிக்கிற கருவியாயிற்று. அந்தத் திட்டத்தில் குறையும் உண்டு. 20,000-ஐத் தாண்டிவிட்டால் மொத்த அளவுக்கும் பணம் கட்ட வேண்டும், கூட்டுக் குடும்பத்துக்குத் தனிச் சலுகை இல்லை. மேலே பார்த்த வரிசை வீடு டெல்லியில் இருந்திருந்தால் மாட்டிக்கொண்டிருக்கும்.

அயர்லாந்தில் நேர் மாறாக நடந்தது. அப்போது வீடுகளுக்குத் தனித் தண்ணீர்க் கட்டணம் இல்லாமல் இருந்த நாடு அது. 2013-ல் மீட்டர் பொருத்தத் தொடங்கினார்கள். 2014-ல் கட்டணம் வந்தது. பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள், மீட்டர் வைக்க வந்த ஆட்களை மறித்தார்கள். 2016-ல் கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டது, 2017-ல் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவானது. அதற்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்கள் மண்ணுக்குள் போய்விட்டன. அவை வீணாகவில்லை என்பதுதான் சுவாரசியம். எந்த வீட்டின் வளாகத்தில் ராத்திரியெல்லாம் தண்ணீர் ஓடுகிறது என்று அந்த மீட்டர்களை வைத்துக் கண்டுபிடித்து, முதல் கசிவை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். இந்த வேலையை முதலில் செய்துவிட்டு, பில்லைப் பிறகு கொண்டுவந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ!

தமிழ்நாட்டில் கோவை இருக்கிறது. 24 மணி நேரக் குடிநீர் விநியோகத்துக்காக 2018-ல் பிரெஞ்சு நிறுவனமான சூயஸுடன் கோவை மாநகராட்சி ஒப்பந்தம் செய்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. தண்ணீர் தனியார் கைக்குப் போகிறதா, கட்டணத்தை யார் முடிவு செய்வார், தெருக்குழாய் என்ன ஆகும் என்றுதான் மக்கள் கேட்டார்கள். கட்டணத்தை மாநகராட்சிதான் முடிவு செய்யும் என்று பதில் வந்தது. கருவி துல்லியமா இல்லையா என்பது அங்கே பேச்சாகவே இல்லை.

கடல் தாண்டினால் இலங்கையில் மட்டக்களப்பு, திருகோணமலைத் தமிழர்களுக்குத் தண்ணீர் மீட்டர் அதிசயமே இல்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆள் வந்து அலகைப் பார்த்து பில்லைக் கொடுத்துவிட்டுப் போவது மாதாந்திர நடைமுறை. அலகு கூடக் கூட விலையும் கூடும், ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணம். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் முதல் கட்டமாக 3 லட்சம் ஸ்மார்ட் மீட்டர்களை வைக்க முடிவு செய்தபோது பெரிய கூச்சல் எழவில்லை. அங்கே குழாயில் தண்ணீர் எப்போதும் இருக்கிறது, மீட்டரும் பல காலமாக இருக்கிறது; பழையது போய்ப் புதியது வருகிறது, அவ்வளவுதான்.

பெரிய குழாய் எப்போது?

இனி திருவள்ளூர் மாவட்டத்து மனக்குறைக்கு வருவோம். இந்தக் குறையைக் கேட்காமல் இங்கே எந்த மீட்டரையும் பொருத்த முடியாது.

சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 1983 ஒப்பந்தப்படி ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர் 1996-ல் முதன்முதலாகத் தமிழகத்துக்குள் நுழைந்ததும் ஊத்துக்கோட்டை அருகே உள்ள ஜீரோ பாயின்ட் வழியாகத்தான். 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் கும்மிடிப்பூண்டிப் பக்கம். 500 மில்லியன் கன அடி கொள்ளளவு. லிட்டரில் சொன்னால் சுமார் 1,400 கோடி. அதே தேர்வாய்கண்டிகையில்தான் சிப்காட் தொழிற்பூங்காவும் இருக்கிறது.

ஜீரோ பாயின்ட்டில் எத்தனை கன அடி வருகிறது என்று அளக்கிறார்கள். ஏரியில் எத்தனை அடி இருக்கிறது என்பது தினமும் செய்தியில் வருகிறது. இவையெல்லாம் அளந்த தண்ணீர். அளக்காத தண்ணீர் வேறு இருக்கிறது. 1960-களின் பிற்பகுதியிலிருந்தே ஆரணியாறு, கொசஸ்தலையாறு பகுதியில் பூண்டி, தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று கிணறுகளை அமைத்து நகரத்துக்குத் தண்ணீர் எடுத்தார்கள். விவசாயமும் தொழிற்சாலையும் சேர்ந்து இறைத்ததில் மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உள்ளே வந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பான கதையை அங்கே பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, திருவள்ளூர் கிராமங்களின் போர்களிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் சென்னைக்குப் போனது. சில ஊர்களில் மக்கள் லாரிகளை மறித்தார்கள். நிலத்தடி நீரை எடுக்கவும் லாரியில் கொண்டுபோகவும் உரிமம் வேண்டும் என்று சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987-லேயே சட்டம் இருக்கிறது. மாநிலம் முழுமைக்குமான நிலத்தடி நீர்ச் சட்டம் 2003-ல் நிறைவேறியது; நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது.

இதையெல்லாம் பார்த்த ஊரில், சமையலறைக் குழாய்க்கு மீட்டர் வைக்க வருகிறவரிடம் முதல் கேள்வி எதுவாக இருக்கும்? ‘அந்த லாரி ஏத்துற போருக்கு மீட்டர் வெச்சாச்சா சார்?’ என்பதாகத்தான் இருக்கும். ஒரு லாரி 12,000 லிட்டர் என்றால், 55 லிட்டர் கணக்கில் அது நாலு பேர் குடும்பத்துக்கு 54 நாள் தண்ணீர். ஒரே இடத்தில் பத்து லாரி ஏற்றும் போரை அளக்காமல் ஒரு வீட்டின் சொட்டுக் கசிவை அளப்பது ஊர் வழக்கில் நியாயமாகாது. பெரிய போர், கேன் தண்ணீர் நிறுவனம், தொழிற்சாலை ஆகியவற்றின் ஸ்மார்ட் மீட்டர் எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், பேச்சு வேறு மாதிரி தொடங்கும்.

கட்டாயப்படுத்தினால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2003-ம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு நினைவிருக்கும். கட்டாயம் என்றார்கள், கெடு வைத்தார்கள், குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். மாநிலமே குழாய் பதித்தது. நல்ல திட்டம்தான், பலன் கொடுத்தது. ஆனால் பயத்துக்காகப் பதித்த குழாய்களில் எத்தனை இன்று தூர்வாரப்பட்டிருக்கின்றன என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தாலே தெரியும். தண்ணீர் மீட்டரும் அப்படித்தான். பிடிக்காத வீட்டில் அது ஆறு மாதத்தில் ‘ரிப்பேர்’ ஆகிவிடும். கல் வைத்து, காந்தம் வைத்து, என்னென்னவோ வைத்து ரிப்பேர் ஆக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் உண்டு.

மீட்டர் வரும்வரை காத்திருக்காமல் அதன் வேலையில் பாதியை வீட்டிலேயே செய்யலாம். ராத்திரி படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் போய்ப் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் கழிவறை ஃப்ளஷ் தொட்டியாக இருக்கும். அதில் கொஞ்சம் பீட்ரூட் சாறு விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டால், கசிவு இருந்தால் கோப்பையில் சிவப்பு தெரியும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய், சொட்டுக்கு கால் மில்லி என்று வைத்தாலும், ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் வீணாக்குகிறது. தினமும் ஒரு கேன், வருஷத்துக்கு 394 கேன். வாஷர் மாற்ற ஆகும் செலவு ஒரு கேன் விலைகூட இருக்காது.

ஊர் அளவில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இப்போது உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் கிராம சபை கூடுகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்குள் இறங்கும் பெரிய குழாயில் ஒரு மீட்டர் வைத்தால், தொட்டியிலிருந்து எவ்வளவு போனது என்பது தெரிந்துவிடும். வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்பதைச் சில நாள் குடத்தைக் கொண்டே கணக்கு எடுக்கலாம். இடையில் காணாமல் போனது எத்தனை லிட்டர் என்று அப்போது தெரியும், அதற்காக யார் வீட்டுக்கும் பில் வராது. இந்த மார்ச் 22-ல் அந்தத் தொட்டிக்கு மீட்டர் இருக்கிறதா, இருந்தால் கடைசியாக எப்போது ரீடிங் எடுத்தார்கள் என்று கேட்கலாம். தொட்டி ஆப்பரேட்டர் எப்படியும் கூட்டத்துக்கு வந்திருப்பார்.